நனைந்த தானியமும் நம் கடைத் தட்டும்

 

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முறை கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இதென்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

மோசடியைப் பற்றிய ஹதீஸாகவே இதைக் கேட்டு வந்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் கடைக்காரன் கண்ணுக்கு இதில் இன்னொன்றும் தெரிய வேண்டும். அந்த வியாபாரி புதுக் கிட்டங்கி கட்ட வேண்டியதில்லை. அடியில் கிடந்ததை மேலே எடுத்து வைத்தால் போதும். அன்றைக்கே, அந்த இடத்திலேயே முடிகிற வேலை.

நாமோ, “பெருநாள் வியாபாரம் முடியட்டும்”, “கடையைப் புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்கிறோம். அதுவரை அதிகம் விற்கும் மிளகாய்த்தூள் உச்சித் தட்டிலேயே இருக்கும். கடைத் தம்பி நாளைக்கு நாற்பது தடவை முக்காலியில் ஏறி இறங்குவான். தடவைக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் இருபது நிமிடம் போயிற்று. பக்கத்துப் பள்ளிவாசலில் லுஹர் ஜமாஅத்தில் சேர்ந்து திரும்ப அந்த நேரம் போதும். பையனைத் தொழுகைக்கு அனுப்ப நேரமில்லை என்று சொல்கிற முதலாளி முதலில் தட்டைப் பார்க்கட்டும்.

கடன் பற்று விஷயமும் இப்படித்தான். திருக்குர்ஆனின் மிக நீளமான ஆயத்து பகரா சூராவின் 282-வது ஆயத்து. அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிக்கக் கூடாது என்பது அதிலுள்ள கட்டளை. கூட்டம் குறைந்தபின் எழுதலாம் என்று விட்டு, மாதக் கடைசியில் மூன்று வெள்ளிக்காகப் பத்து வருஷ வாடிக்கைக்காரரோடு மனஸ்தாபம் கொள்வானேன்? 555 புத்தகத்தில் ஒரு பென்சிலை நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். சரக்கு மேஜைமீது இருக்கும்போதே எழுதி, அவர் காதில் விழும்படி வாசித்துவிடுங்கள்.

ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 1951-ம் ஆண்டிலேயே தொழிலாளரிடம் யோசனை கேட்டு வாங்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இத்தகைய சிறு திருத்தங்களை அவர்கள் ‘கைஜென்’ என்கிறார்கள். சிங்கப்பூர் அரசாங்க இலாகாக்களிலும் 1981-ல் இதற்கென்று சிறு குழுக்கள் அமைத்தார்கள். நமக்கு இது புதுப் பாடமா? குறைவாயினும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானதென்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிந்திருக்கிறோமே!

ஒன்று சொல்ல வேண்டும். பொட்டலத்தில் பத்து கிராம் குறைப்பதும் சிலருக்குச் ‘சிறு திருத்தம்’தான்! அளவில் மோசம் செய்வோருக்கு என்ன கேடு என்பதை முதஃப்பிபீன் சூராவில் அவர்கள் ஓதிப் பார்க்கட்டும்.

எங்கே கை தட்டுகிறது, எங்கே நேரம் போகிறது என்பது கல்லாவில் இருப்பவரைவிடச் சாமான் கட்டுகிறவனுக்கு நன்றாகத் தெரியும். வாரத்திற்கொரு முறை, கடை திறக்குமுன், “தம்பி, உனக்கு எது இடைஞ்சலாயிருக்கிறது?” என்று கேளுங்கள். அவன் முதலில் பயந்து ஒன்றுமில்லை என்பான். மறுவாரமும் கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது அன்று மாலைக்குள் செய்து காட்டினால் பிறகு அவனே வாய் திறப்பான்.

அப்படி மிச்சமாகும் இருபது நிமிடத்தில் வேறு வேலையைத் திணிக்கலாகாது. கைக்கீழ் இருப்பவர்மீது தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. லுஹர் பாங்கு கேட்டதும் தம்பி பள்ளிக்குப் போகட்டும். அவன் திரும்பி வரும்வரை பொட்டலத்தை முதலாளி கட்டலாம்.