பெயரில் எது மாறலாம்?

(மாமல்லபுரம், தர்மராஜ ரதத்தின் முன். சிறுசேரியில் மென்பொருள் எழுதும் சீடனும் அவன் குருவும்.)

சீடன்: ஐயா, பில்டு ஓடும்போதே பேக்கேஜின் பெயர் தானாக அமையும்படி செய்துவிட்டேன். தேதி, கமிட் எண், கிளைப் பெயர் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

குரு: நேற்றைய பேக்கேஜ் ஒருவர் கணினியில் இருக்கிறது. இன்றையதை ஏற்றுகிறார். என்ன நடக்கும்?

சீடன்: பழையது போய்ப் புதியது வரும்.

குரு: வராது. பெயர் வேறென்றால் பொருளும் வேறு என்றே டெபியனின் நிறுவல் கருவியான டிபிகேஜி எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே கோப்புக்கு உரிமை கொண்டாடினால் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

சீடன்: அப்படியானால் பெயரில் மாறியே (variable) கூடாதா?

குரு: பொறு. இந்த ரதத்தின் மேல் தளத்தில் வெட்டியிருக்கும் பெயர் 'அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருகம்'. சாளுவன்குப்பத்துக் குடைவரையில் 'அதிரணசண்ட பல்லவேஸ்வர கிருகம்'. என்ன தெரிகிறது?

சீடன்: வார்ப்பு ஒன்றுதான். அரசனின் பட்டம் மட்டும் மாறுகிறது.

குரு: இனி கணேச ரதத்துக்கும் தர்மராஜ மண்டபத்துக்கும் போ. அங்கேயும் அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருகம்தான்.

சீடன்: மூன்று கட்டடத்துக்கு ஒரே பெயரா!

குரு: அந்தப் பட்டம் யாருடையது, பல்லவ மன்னர்களில் பரமேஸ்வரவர்மனா ராஜசிம்மனா என்பதிலும் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. இங்குள்ளவை எல்லாமே ராஜசிம்மன் பணி என்று 1962இல் தொல்லியலாளர் இரா. நாகசாமி எழுதினார், மற்றவர்கள் மறுத்தார்கள். கல்லில் பெயர் இருந்தும் வழக்கு தீரவில்லை.

சீடன்: மாறியை வைத்ததில் பிழையில்லை. அதில் இட்ட மதிப்பு ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டவில்லை.

குரு: சரி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நீட்சிகளை டெபியனில் கட்டுகிறவர்கள் பெயரில் போஸ்ட்கிரெஸின் பதிப்பு எண்ணுக்கு இடம் விட்டு வைப்பார்கள். கட்டும்போது 15, 16 என்று அது நிரம்பும். ஏன்?

சீடன்: 15க்குக் கட்டியது 16இல் ஓடாது. இரண்டும் ஒரே கணினியில் இருக்கவும் வேண்டும்.

குரு: அதுதான் அளவுகோல். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரக்கூடாது என்றால் அந்த வேறுபாடு பெயருக்குள் போகட்டும். வரலாம் என்றால் பேக்கேஜின் பதிப்பு எண்ணோடு நிற்கட்டும். உன் கமிட் எண்ணுக்கும் இடம் அங்கேதான்.

சீடன்: தேதி?

குரு: அதே மூலத்தை நாளை கட்டினால் பெயர் மாறிவிடும். பொருள் மாறாமல் பெயர் மட்டும் ஏன் மாற வேண்டும்?

சீடன்: கோப்பின் பெயரிலாவது தேதியை வைத்துக்கொள்ளலாமா? பேக்கேஜ் கட்டும் சிபேக் கருவியில் கோப்பின் பெயருக்குத் தனி மாறி இருக்கிறதே.

குரு: வைத்துக்கொள். டிபிகேஜி கோப்பின் பெயரை நம்புவதில்லை. உள்ளே கன்ட்ரோல் கோப்பில் இருப்பதைத்தான் படிக்கும். ஆனால் அந்த மாறியை, சிபேக்கைச் சேர்க்கும் வரிக்கு மேலே எழுது. கீழே எழுதினால் பலனில்லை.

சீடன்: கடைசியாகக் கிளைப் பெயர். சோதிப்பவர்களுக்கு இரண்டு கிளைகளும் ஒரே கணினியில் அருகருகே ஓட வேண்டும், ஐயா.

குரு: அப்படியானால் பெயரில் அதற்கு இடம் உண்டு. சாய்கோட்டையும் பெரிய எழுத்தையும் டெபியன் ஏற்காது, அவற்றை முதலில் களை. அதோடு, இரண்டும் கோப்புகளை எங்கே வைக்கின்றன?

சீடன்: ஒரே அடைவில்தான்.

குரு: அதையும் பிரித்துவிட்டு வா. இருப்பிடம் ஒன்றாக இருக்கும்வரை, பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அவை இரண்டாகிவிடாது.