மறதியும் உரிமையும்

நேர்முகத் தேர்வுக்கான அழைப்பை மின்னஞ்சலில் எதிர்நோக்கியிருக்கும் ஹல்துமுல்லைத் தோட்டத்து இளைஞன் ஒருவன் தன் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிடுகின்றான் எனக் கொள்ளலாம். கணக்கு அவனுடையது; அதிலுள்ள கடிதங்களும் அவனுக்கே எழுதப்பட்டவை. எனினும் கதவு திறப்பதில்லை. இயந்திரம் கேட்பது ஒன்றே: நீ நீதான் என்பதற்குச் சான்று யாது?

ஒருவனின் ஆளடையாளம் அவனது நினைவின் தொடர்ச்சியிலேயே தங்கியுள்ளது என ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் 1694 ஆம் ஆண்டில் வாதிட்டார். கடவுச்சொல் இக்கொள்கையின் கடுமையான வடிவம் எனலாம். நினைவிருப்பின் உரியவன், மறந்தால் அந்நியன். ஆயினும் பெட்டியின் திறப்பைத் தொலைத்தவன் பெட்டிக்கு உரியவன் அல்லாதவனாகிவிடுவானா? ஆகமாட்டான். இதனை ஏற்பதனாலேயே மின்னஞ்சல் நிறுவனங்கள் மீட்பு வழிகளை வைத்துள்ளன. முன்னரே பதிந்த தொலைபேசி இலக்கத்துக்கோ வேறொரு முகவரிக்கோ குறியீடு ஒன்று அனுப்பப்படுகின்றது.

சான்று கேட்பது தவறன்று. அழுது கேட்போர்க்கெல்லாம் கதவு திறக்குமாயின், கள்வனும் அழக் கற்றுக்கொள்வான். ஐயுறுதல் உரியவனைக் காப்பதற்கே. ஆனால் எத்தகைய சான்றைக் கேட்பது என்பதிலேயே அறவினா எழுகின்றது. தாயின் கன்னிப்பெயர் யாது, முதலிற் கற்ற பாடசாலை எது என வினவும் வழக்கம் முன்னர் பரவலாக இருந்தது. ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழும் லயத்தில் இவற்றை அறியாதார் எவர்? அங்கே ஊரறிந்ததே சான்று. இயந்திரத்துக்கோ பிறர் அறியாததே சான்று. லயத்தில் ஒருவனை அவனென நிறுவுவது எதுவோ, அதுவே இயந்திரத்தின் முன் கள்வன் நுழையும் வழியாகின்றது.

இவ்வினாவை மலையகம் முன்னரே சந்தித்துள்ளது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. பிறப்புப் பதிவையே காணாத பலர் அதனை எங்ஙனம் காட்டுவர்? இளைஞன் தன்னிடமிருந்த திறப்பைத் தொலைத்தான். அம்மக்களிடமோ ஒருபோதும் கொடுக்கப்படாத திறப்பே கேட்கப்பட்டது. அத்தவறு திருத்தப்பட 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2014 ஒக்டோபர் 29 இல் ஹல்துமுல்லைப் பிரிவின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்தபோது, லயங்களோடு அடையாள அட்டைகளும் சான்றிதழ்களும் புதையுண்டன. தாள் புதையுண்ட பின்னரும், இன்னார் இன்னாரின் மகள் என்று சொல்லக்கூடிய அயலவரின் அறிவு புதையுறவில்லை.

ஆகவே, கேட்கப்படும் சான்று உரியவன் பெறக்கூடியதாய் இருக்கும்போதே ஐயம் நீதியாகின்றது. அப்பிள் நிறுவனம் 2021 இல், கணக்குக்கு உரியவர் முன்னரே தெரிந்த நம்பிக்கையான ஒருவர் மீட்புக் குறியீட்டைப் பெற்றுக்கொடுக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. அயலவரின் சாட்சியை இயந்திரமும் ஏற்கத் தொடங்கியமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. கதவு திறந்திருக்கும்போதே மீட்பு வழியைப் பதிந்து வைத்தல் இளைஞனின் கடமை. தொலைபேசி இலக்கம் மாறியவனுக்கும், இலக்கமே இல்லாதவனுக்கும் வேறொரு வழியை வைத்தல் காவலரின் கடமை. மறப்பது மனித இயல்பு; அதற்காக ஒருவனை அவனல்லன் என்று தீர்ப்பது அறமாகாது.