கைப்பிடிச்சுவர் இல்லாத வீடு

ஆதார வேதபகுதி: உபாகமம் 22:8



யாரையும் கொல்ல வேண்டும் என்று ஒருவன் நினைக்கவில்லை. ஆனாலும் அவன் வீட்டில் இருந்தவர்கள் செத்துப்போனார்கள். இரத்தப்பழி அவன்மேல் வருமா, வராதா? இந்தக் கேள்விக்கு வேதம் தெளிவாகப் பதில் சொல்லுகிறது. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று கர்த்தர் மோசேயைக் கொண்டு கட்டளை கொடுத்தார். அந்நாட்களில் மாடியில்தான் ஜனங்கள் உலாவினார்கள், படுத்தார்கள். பேதுரு ஜெபிக்கப் போனதும் மேல்வீட்டுக்குத்தான் (அப். 10:9). தள்ளிவிட்டவன் மட்டும் அல்ல, சுவர் கட்டாதவனும் கர்த்தருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

இப்போ இதை ஏன் எழுதுகிறேன்? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். அப்பனும் அம்மையும் தனியே. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் முதியோர் இல்லங்கள் நடக்கின்றன. விசுவாசிகள் நடத்துகிற இல்லங்களும் உண்டு. நல்ல ஊழியந்தான், ஸ்தோத்திரம். ஆனால் ஊழியத்துக்காக நான் போன ஒரு இல்லத்தில், ராத்திரி கிரில் கேட்டை வெளியே பூட்டிவிடுகிறார்கள். சாவியோ வாட்ச்மேன் வீட்டில்! கேட்டால், "கர்த்தர் காக்கிறார் பாஸ்டர்" என்றார்கள்.

ஏர்வாடியை மறந்துபோனோமா? 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் விடியற்காலம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டுபோனார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1987-லேயே சட்டம் இருந்தது. ஆனால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நடந்தபின்பு அரசாங்கம் அங்கிருந்த காப்பகங்களை மூடியது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2007-ல் நடத்தினவர்களுக்கு ஏழு வருஷம் சிறைத்தண்டனை கிடைத்தது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலி போடக்கூடாது என்று தடுக்கிறது.

"அது வேற மார்க்கத்தார் ஊர், நமக்கென்ன?" என்று சொல்லாதேயுங்கள். பிசாசு பிடித்தவன் என்று சொல்லி ஜெபவீட்டுத் தூணில் ஒருவனைக் கட்டிப்போட்டால், அதுவும் சங்கிலிதானே? மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் லேகியோன் பிடித்திருந்தவனுக்கு விலங்கு போட்டது ஊர் ஜனங்கள். இயேசு அவனை வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்காரப்பண்ணினார். அப்போஸ்தலர் 12-ல் பேதுருவின் சங்கிலி விழுந்தது, இரும்புக்கதவு தானாகத் திறந்தது, மெய்தான். ஆனால் அந்தச் சங்கிலியைப் போட்டது ஏரோது! தூதன் திறப்பான் என்று சொல்லிப் பூட்டுகிறவன் பேதுருவின் பக்கத்தில் இல்லை, ஏரோதின் பக்கத்தில் நிற்கிறான்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஒரு ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். பயங்கரமான குற்றச்சாட்டுகள் எழும்பின. அதின் பெயர் அன்பு ஜோதி. பலகையில் அன்பும் ஜோதியும் எழுதியிருந்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டாம் என்றாகுமா?

சிலர் கேட்பார்கள்: "விசுவாசம் உண்டென்றால் தீயணைப்புக் கருவி எதற்கு? அரசாங்கத்தின் அனுமதி எதற்கு?" தேவாலயத்து உப்பரிகையில் நின்று குதிக்கச் சொன்னது யார்? பிசாசு. தூதர்கள் தாங்குவார்கள் என்று அவனும் வசனம் காட்டினான். தேவனைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்று ஆண்டவர் மறுத்துவிட்டார் (மத். 4:5-7). அப்படியே, எழும்பி நடக்க முடியாத முப்பது கிழவர்களை ஒரே கதவுள்ள வீட்டில் பூட்டிவிட்டு "கர்த்தர் காப்பார்" என்பதும் தேவனைப் பரீட்சை பார்க்கிறதுதான். அதுவும் நம்ம உயிரை வைத்து அல்ல, அவர்கள் உயிரை வைத்து!

இன்னொரு எச்சரிப்பும் உண்டு. மாடு முட்டுகிற மாடு என்று முன்னமே சொல்லியும் கட்டிவைக்காதவனுக்குத் தண்டனை அதிகம் (யாத். 21:29). ஏர்வாடி நடந்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று நாம் சொல்ல முடியாது. நமக்குச் சொல்லியாயிற்று.

அப்படியானால் பணம் கட்டுகிற பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லையா? நல்ல சமாரியனைப் பாருங்கள் (லூக். 10:35). காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு பணம் கொடுத்தான். அதோடு விட்டானா? திரும்பி வருவேன் என்று சத்திரக்காரனிடம் சொல்லிப்போனான். திரும்பி வருகிறவன் ஒருவன் உண்டு என்று தெரிந்தால் சத்திரக்காரனும் கவனமாகப் பார்ப்பான். இன்று நாம் பணத்தை மாசாமாசம் பேங்கில் போட்டுவிடுகிறோம். திரும்பிப் போகிறோமா?

சபையாருக்குச் சில ஆலோசனைகள்:

1. இல்லத்துக்குச் சொல்லாமல் போங்கள். ராத்திரியிலும் ஒருதரம் போங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று எண்ணிப் பாருங்கள்.

2. வெளியே போக இரண்டாவது வழி உண்டா, சாவி உள்ளே யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். படுக்கையில் கிடக்கிறவர்கள் கீழ்த்தளத்தில் இருக்கட்டும்.

3. அப்பச்சியின் கையையும் முதுகையும் பாருங்கள். கட்டின தழும்பு, படுக்கைப்புண் உண்டா? தனியாக உட்கார்ந்து பேசவிடுகிறார்களா?

4. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்யப் பவுல் கவனமாயிருந்தாரே (2 கொரி. 8:21). குறை கண்டால் சமூகநலத்துறையில் சொல்லுங்கள். முதியோருக்காக 14567 என்ற இலவச எண்ணும் உண்டு.

"ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வருமே" என்று மூடி மறைக்காதேயுங்கள். மறைத்ததினால் ஒரு ஆத்துமா செத்தால், அந்தக் கெட்ட பெயரை எந்த உபவாசம் மாற்றும்? பிள்ளை ஊரில் இல்லாத கிழவிக்குச் சபைதான் பிள்ளை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகிற வழியில், பக்கத்து இல்லத்தின் கேட்டைத் தட்டுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கையில் நீர் ஒப்புவித்த பெலவீனரின் இரத்தப்பழி எங்கள் வீடுகள்மேலும் சபைகள்மேலும் வராதபடி, சுவர் கட்டுகிற ஞானத்தையும், போய்ப் பார்க்கிற கால்களையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென். மாரநாதா!