ஏலப் பட்டியல்

அடவு வைத்த நகையைத் தவணைக்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும். அதற்கு முன் கடிதம் போடவேண்டும், அது ஒழுங்கு. கடிதம் போயும் ஆள் வராவிட்டால், கிளை முகாமையாளர் ஒருக்கால் தொலைபேசி எடுத்துச் சொல்வதா விடுவதா என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

மானிப்பாயில் என் மச்சான் ஒருவர் அந்தக் கதிரையில் இருக்கிறார். பட்டியலில் தாலிக்கொடி இருந்தால் எடுத்துப் பேசுவார். காப்பு, சங்கிலிக்குப் பேசமாட்டார். "கொடி ஏலத்திலை போனால் எனக்கு நித்திரை வராது" என்பார். நல்ல மனம்தான். ஆனால் போரில் கணவனை இழந்தவர்களும், காணாமற்போனவனை இன்னும் தேடுகிறவர்களும் குடும்பம் நடத்தும் மாவட்டம் இது. கொடியை எப்போதோ விற்றுவிட்டு ஒற்றைச் சங்கிலியோடு வருகிறவளுக்கு இவருடைய இரக்கம் எட்டுவதில்லை.

தன் மனதுக்குச் சரியென்று பட்டதைப் பதவியில் இருந்து நடத்திய இன்னொருவரும் இதே ஊரில் இருந்தார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1848 முதல் நம் பிள்ளைகளுக்கு மேலைமருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். படித்தவர்களை அரசாங்க உத்தியோகம் இழுத்தது. கிராமத்தில் வைத்தியர் நிற்கவேண்டும் என்பது கிறீனின் பிடிவாதம். 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். பாடநூல் இல்லாத குறைக்குத் தாமே முன்னின்று நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழாக்கினார். 'கிரேயின் உடற்கூற்றியல்' 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று.

ஊருக்கு அது கொடை. மாணவனுக்கோ, சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகத்துக்கு ஆங்கிலம்தான் வழி. தலைவரின் கொள்கைக்கு விலை கட்டுகிறவர் பெரும்பாலும் வேறொருவர். நிர்வாகவியல் வகுப்புகளில் விழுமியங்களைப் புகழும்போது இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை. என்றாலும் நான் கிறீனின் பக்கம்தான். வகுப்பு எந்தப் பாஷையில் என்பது சேர வருகிறவனுக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் சேராமல் விடலாம். கருமபீடத்தில் சங்கிலியைக் கழற்றி வைக்கிறவளுக்கு, உள்ளே இருப்பவரின் மனதில் கொடிக்கு ஒரு நீதி, சங்கிலிக்கு ஒரு நீதி என்பது எப்படித் தெரியும்?

மச்சானிடம் இதைச் சொன்னேன்.

"எல்லாருக்கும் எடுத்தால் பின்னேரம் முழுக்க அதுக்கே போயிடும்."

"இந்தமுறை பட்டியலிலை எத்தினை பேர்?"

"பதினொண்டு."

ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் ஒரு மணித்தியாலம் ஆகாது.