கேட்டபின் வரும் கடன்

பட்ஜெட்டில் எந்தத் தெருவுக்கு இந்த ஆண்டு சாக்கடை, எந்தத் தெருவுக்கு அடுத்த ஆண்டு என்று எழுதுகிறவர் பெரும்பாலும் அந்தத் தெருவில் குடியிருப்பதில்லை. முடிவின் பலனையும் பாரத்தையும் சுமக்கிறவர்களுக்கு அந்த முடிவில் பங்கு வேண்டும் என்பது நியாயத்தின் பாலபாடம். கூட்டம் கூட்டி, மனு வாங்கி அனுப்பிவிட்டால் அந்தப் பங்கு கொடுத்ததாகிவிடுமா? ஆகாது. வேலை முடிந்து களைத்து வந்தவரைக் கூட்டத்துக்கு அழைத்து, அவர் மாலைப்பொழுதை வாங்கிக்கொண்ட அந்த நேரத்திலேயே நகராட்சி அவருக்குக் கடன்பட்டுவிடுகிறது.

அந்தக் கடனை அடைக்க முடியும் என்று காட்டிய ஊர் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. 1989-ல் தொழிலாளர் கட்சியின் மேயர் ஒலிவியோ துத்ராவின் நிர்வாகம் புதிய முதலீடுகளை முடிவு செய்யக் குடியிருப்போர் கூட்டங்களைத் தொடங்கியது. நகரம் 16 வட்டாரங்களாகப் பிரிந்து தன் தேவைகளை வரிசைப்படுத்தியது. ஒரு வசதி அங்கே எவ்வளவு குறைவு, மக்கள்தொகை எவ்வளவு, வட்டாரத்தார் அதற்குத் தந்த முன்னுரிமை என்ன என்று மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுப் பணத்தைப் பகிர்ந்தார்கள். தார்ச்சாலையே காணாத குடியிருப்பு யார் சிபாரிசும் இல்லாமல் வரிசையில் முன்னுக்கு வந்தது. உலக வங்கியின் கணக்குப்படி, குடிநீர், கழிவுநீர் இணைப்பு பெற்ற வீடுகள் 1988-ல் 75 சதவீதம், 1997-ல் 98 சதவீதம். 1988-ன் அரசியலமைப்பு நகராட்சிகளின் வருவாயைப் பெருக்கியதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் பெருகிய பணம் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதில் கூட்டங்களின் கை இருந்தது.

தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அங்கும் பட்ஜெட்டை நிறைவேற்றும் அதிகாரம் நகர்மன்றத்திடமே இருந்தது. கூட்டங்கள் அதன் கண்ணைத் திறந்தன. நிபுணத்துவம் வேண்டாமா என்றால், குழாயின் விட்டத்தைப் பொறியாளர் சொல்லட்டும். மழைக்கு எந்த முனையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதைத் தெருவாசி சொல்லட்டும். ஓய்வுள்ளவர்கள்தான் வருவார்கள் என்ற ஐயத்துக்கு அந்நகரின் ஆய்வுகளே பதில்: வந்தவர்களில் ஏழைகளின் பங்கு, நகர மக்களில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம். தன் சொல்லுக்குப் பலன் உண்டென்றால் இல்லாதவர் வருவார்.

மறுக்க முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மக்களே விதிகளைத் திருத்தட்டும் என்று இந்த ஏற்பாட்டைச் சட்டமாக்காமல் விட்டார்கள். அந்தச் சுதந்திரமே பின்னர் பலவீனமானது. 2005-ல் வேறு அணி ஆட்சிக்கு வந்தபின் கூட்டங்களின் வலு குறைந்தது. 2017-ல் அவை நிறுத்தி வைக்கப்பட்டன. மேயரின் மனத்தைப் பொறுத்து நிற்பது உரிமையல்ல, தயவு. ஆகவே விதியை மக்கள் திருத்தலாம்; ஆனால் கூட்டம் கூட்டுவதையும், அதன் முடிவுக்குப் பணம் ஒதுக்குவதையும், ஒதுக்காவிட்டால் காரணம் சொல்வதையும் நகராட்சியின் கடமையாகச் சட்டம் ஆக்க வேண்டும். மக்களைக் கேட்டுவிட்டுக் கைவிடுவது கேட்காமல் இருப்பதைவிடப் பெரிய தவறு: அடுத்த முறை நியாயமான அழைப்பு வந்தாலும் அவர்கள் கதவைத் திறக்கமாட்டார்கள்.