பதில் சொல்லாத ஆசிரியர்

ஐஐடி வகுப்புகளை வீடுகளுக்கு ஒளிபரப்ப 2003 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியபோது, அதற்கு ஏகலவ்யா என்று பெயர் வைத்தார்கள். துரோணரின் மண்சிலைக்கு முன்னால் வில்வித்தை பழகிய வேடர் குலச் சிறுவனின் பெயர். கட்டைவிரல் நினைவுக்கு வந்திருந்தால் வேறு பெயர் தேடியிருப்பார்களோ என்னவோ! அதை விட்டாலும் ஒரு முரண் மிஞ்சுகிறது. ஏகலைவனுக்குப் பாடமே கிடைக்கவில்லை. சிலை வாய் திறக்கவில்லை. அவனிடம் இருந்ததெல்லாம் பயிற்சி. காணொளிப் பாடத்தில் நிலைமை தலைகீழ். பாடத்துக்குக் குறைவில்லை, பயிற்சியைத்தான் காணோம்.

அதே காலத்தில் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் காணொளிப் பாடங்களைப் பார்க்காத பொறியியல் மாணவர் இன்று அரிது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தின் இணையப் பாடங்களாக இருக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021இல் விதி வகுத்தது. ஆக, தத்துவவாதிகளின் பழைய கேள்வி ஒன்று இப்போது மதிப்பெண் பட்டியல் வரை வந்துவிட்டது: கேட்டால் பதில் சொல்லாத ஒன்று ஆசிரியர் ஆகுமா?

ஆகாது என்பது சாக்ரடீஸின் கட்சி. பிளேட்டோ எழுதிய ‘ஃபெட்ரஸ்’ உரையாடலில் அவர் எழுத்தின் மீதே குற்றம் சாட்டுகிறார். எழுத்து ஓவியம் போன்றது, உயிருள்ளதுபோல் நிற்கும், ஏதாவது கேட்டால் பேசாது. யாரிடம் பேசுகிறோம் என்பதும் அதற்குத் தெரியாது என்கிறார். இந்தக் குற்றச்சாட்டு நம் கைக்கு வந்ததே பிளேட்டோ அதை எழுதிவைத்ததால்தான் என்பது வேறு கதை. காணொளியில் முகம் உண்டு, குரல் உண்டு, கையசைவு உண்டு. உயிருள்ள தோற்றம் கூடியதால் சாக்ரடீஸின் புகாரும் கூடத்தான் செய்யும்.

புனித அகஸ்டின் வேறு பக்கத்திலிருந்து வருகிறார். கி.பி. 389 வாக்கில், தன் மகன் அதெயோதாத்துஸுடன் பேசுவதாக அவர் எழுதிய ‘ஆசிரியர்’ என்ற சிறுநூலில், எந்த மனிதரும் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பதில்லை என்கிறார். சொற்கள் சுட்டிக்காட்ட மட்டுமே செய்யும். சொன்னது மெய்யா என்று மாணவர் தமக்குள் இருக்கும் ஆசிரியரிடம்தான் சரிபார்க்கிறார். அந்த உள் ஆசிரியர் அகஸ்டினுக்குக் கிறிஸ்து. இறைநம்பிக்கை இல்லாதவரும் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இது சரியென்றால் கரும்பலகை முன் நிற்பவரும் திரையில் தெரிபவரும் ஒரே தட்டில்தான். கேட்பவருக்குள் அந்தச் சரிபார்ப்பு நடக்கிறதா என்பதுதான் பேச்சு.

கேள்வியை இவர்கள் இருவரையும்விட நடைமுறையாகப் பார்த்தவர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். 13ஆம் நூற்றாண்டுக்காரர். பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறையாக எடுத்துரைக்க வரும் என்கிறார். இதில் காணொளியை அடித்துக்கொள்ள ஆளில்லை; எத்தனை முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்ளாது. ஆனால் அடுத்து ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் கைக்கு வருவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு விரித்துச் சொல்லும்போதுதான்.

இந்தக் கணக்கை அறியாமலே அதைச் செய்து பார்த்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் கிப்பன்ஸ். 1970களில், வளாகத்துக்கு வர முடியாத ஹியூலெட் பேக்கார்ட் பொறியாளர்களுக்கு வகுப்புகளின் வீடியோ நாடாக்கள் அனுப்பப்பட்டன. பொறியாளர்கள் சிறு குழுவாக உட்கார்ந்தார்கள். கூட ஒரு துணையாசிரியர். அவர் அந்தப் பாடத்தில் விற்பன்னராக இருக்க வேண்டியதில்லை. புரியாத முகத்தைக் கண்டால் நாடாவை நிறுத்துவதும் பேச்சைத் தூண்டிவிடுவதுமே அவர் வேலை. 1977இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. நேரடி வகுப்பில் உட்கார்ந்த மாணவர்களைவிட இவர்கள் நன்றாகவே தேறியிருந்தார்கள். நாடா அப்போதும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்.

தனியாகப் பார்ப்பவரின் கதை வேறு. 2013இல் ஹார்வர்டு உளவியலாளர்கள் இணையப் பாடம் ஒன்றைத் துண்டுகளாக்கி, பார்த்தவர்களில் ஒரு சாராருக்கு மட்டும் ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் சிறு தேர்வு வைத்தார்கள். தேர்வு எழுதியவர்களின் மனம் அலைபாய்வது, எழுதாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குறிப்பும் கூடுதலாக எடுத்தார்கள். அகஸ்டின் சொன்ன சரிபார்ப்பை வெளியிலிருந்து உசுப்பிவிட முடிகிறது என்று இதைப் படிக்கலாம்.

என்பிடெல் சான்றிதழில் வாரப் பயிற்சிகளுக்கு 25 சதவீதம், தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். சக மாணவருக்கு விளக்கிச் சொல்வதற்கு மதிப்பெண் கிடையாது. இத்தனைக்கும் அதன் உள்ளூர்க் கிளைகளாகப் பதிவு செய்துகொண்ட கல்லூரிகளில் பாடத்துக்கு ஒரு பேராசிரியரை வழிகாட்டியாக நியமிக்க இடமுண்டு. அந்த வேலை தேர்வுக் கட்டணத் தேதியை நினைவூட்டுவதோடு முடிந்துபோனால், கிப்பன்ஸின் துணையாசிரியருக்கான நாற்காலியைப் போட்டுவிட்டு அதை வெறுமையாக விடுவதாகவே ஆகும். வாரம் ஒரு மணி நேரம், எட்டுப் பேர், ஒரு திரை, நடுவில் நிறுத்தச் சொல்லும் ஓர் ஆள். இதற்குத் தனி நிதி வேண்டாம். கால அட்டவணையில் ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும். பாடம் பதிவாகிவிட்டதால் அந்தக் கட்டத்தையும் மிச்சப்படுத்திவிட்டோம் என்று நினைக்கும் நிர்வாகங்களோடுதான் வழக்கு.