சீன அறையில் ஒரு முதலாமாண்டு மாணவி

தத்துவவாதி ஜான் சேர்ல் 1980ல் எழுதிய கட்டுரையில் ஒரு அறை வருகிறது. உள்ளே சீனம் ஒரு எழுத்துகூடத் தெரியாத ஒருவர். வெளியிலிருந்து சீனத்தில் கேள்விகள் வருகின்றன. அவரிடம் ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது: இந்த வடிவம் வந்தால் அந்த வடிவத்தை எழுதி வெளியே தள்ளு. வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே இருப்பவர் சீனர் என்றே தோன்றும். அவருக்கோ ஒன்றும் புரியவில்லை. கணினியும் இப்படித்தான் என்றார் சேர்ல். ஏன் சீனம்? அவருக்குச் சுத்தமாகத் தெரியாத மொழி, அவ்வளவுதான்.

மென்பொருள் எழுதும் எங்களில் பலருக்கு இந்த அறைமீது கோபம் உண்டு. சம்பளம் வாங்குவதே இப்படிப்பட்ட அறைகளைக் கட்டத்தானே. ஆளுக்குப் புரியாவிட்டால் என்ன, ஆளும் புத்தகமும் சேர்ந்த மொத்த அமைப்புக்குப் புரிகிறது என்போம். சேர்ல் விடமாட்டார்: சரி, புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு அவர் வெளியே வரட்டும், அப்போதும் அவருக்குச் சீனம் தெரியாது.

இங்கேதான் இடிக்கிறது. மனப்பாடம் செய்து வெளியே வரும் அந்த ஆள், பல்கலைக்கழகத்தில் சீனம் படிக்கிற முதலாமாண்டு மாணவியேதான். கோடுகளை வரிசை மாறாமல் எழுதுகிறாள். கேள்வியாக்க வாக்கியக் கடைசியில் 'மா' போடு என்கிறது விதி, போடுகிறாள். தேர்விலும் பாஸ். அவளுக்குப் புரிய ஆரம்பித்தது எந்த நாளில்?

சேர்ல் 1959ல் பெர்க்லியில் வேலைக்குச் சேர்ந்தபோது சாவ் யுவான்ரென் அங்கே பேராசிரியர். கணிதம் படித்து, தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, மொழியியலுக்கு வந்தவர். சீனம் கற்பிக்க 1948ல் அவர் வெளியிட்ட பாடநூல் எழுத்துகளில் தொடங்காது, ஒலியிலும் தொனியிலும் தொடங்கும். காரணம் இருக்கிறது. 'மாய்' என்பதைத் தாழ்த்தி எழுப்பினால் வாங்குவது, மேலிருந்து கீழே வெட்டினால் விற்பது. குரல் பிசகினால் எதிரே ஒரு மனிதர் 'ம்ஹூம்' என்பார்.

சேர்லின் அறையில் இந்த 'ம்ஹூம்' கிடையாது. உள்ளிருப்பவர் தள்ளிவிட்ட பதிலைப் படித்து வெளியே ஒருவர் அழுதாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

சீனாவிலும் பெரியவர்கள் நம்ம ஊர் மாதிரியே 'சாப்பிட்டாச்சா?' என்றுதான் விசாரிப்பார்கள். 'சாப்பிட்டாச்சு' என்ற பதில் விதிப்புத்தகத்திலேயே இருக்கும். ஆனால் காலையிலிருந்து சாப்பிடாத மாணவியிடம் விடுதிப் பக்கத்துக் கடைப் பாட்டி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பதில் இப்போது மரியாதை, கூடவே ஒரு பொய். உண்மையைச் சொன்னால் பாட்டி எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். என்ன சொல்வதென்று அவள் ஒரு நொடி தயங்குகிறாளே, அவளுக்குச் சீனம் புரிய ஆரம்பித்துவிட்டது என்று நான் அப்போது ஒப்புக்கொள்வேன். தான் சொல்லப்போவது இன்னொருவரை என்ன செய்யும் என்ற கணக்கு உள்ளே வந்துவிட்டது.

ஆகவே வகுப்புக் கட்டுரையைச் செயலியில் எழுதி ஒட்டுவதை வெறும் காப்பியடித்தல் என்று மதிப்பெண் குறைப்பதோடு விடமுடியவில்லை. இந்தச் சொல்லை ஏன் போட்டாய் என்றால் செயலியும் காரணம் சொல்லும், நன்றாகவே சொல்லும். தப்பு என்றால் உடனே மன்னிப்பும் கேட்கும். அதற்கு அதில் போவது ஒன்றுமில்லை. கட்டுரையில் பெயர் போட்டிருப்பவருக்கோ அந்தச் சொல்லே தெரியாது.

கடையில் போய் நின்று, தொனி புரண்டு, 'ரெண்டு ஆப்பிள் விக்கிறேன்' என்று உளறும் மாணவியிடம் கேட்டுப் பாருங்கள். காது சிவக்க, 'ஐயோ இல்ல இல்ல, வாங்கணும்' என்பாள்.